பச்சிளங்குழந்தையைப் பார்க்க வருவது யார்?

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே மறைந்தன. 2020ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. அரை நூற்றாண்டில் கிட்டிய இந்த முன்னேற்றம் சிறிதல்ல. ஆனால், அந்த 28 குழந்தைகளில் 20 குழந்தைகள் பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள்ளேயே இறந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் சூட்டி முடிப்பதற்கு முன்பே பறிபோகும் உயிர்கள் இவை.

இந்த முதல் மாதச் சாவைக் குறைக்க முடியும்; அதற்குப் பெரிய மருத்துவமனையும் விலையுயர்ந்த இயந்திரமும் மட்டுமே வழி அல்ல. இதை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி வெளிநாட்டில் நடந்ததல்ல. நாம் பிழைக்க வந்த இதே மகாராஷ்டிர மாநிலத்தில், நாகபுரிக்கும் அப்பால், காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் நடந்தது. மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அந்த ஆராய்ச்சியை அறிந்துகொள்வது நல்லது. அதன் பலன் தங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறதா என்று கேட்பதும் நல்லது.

டாக்டர் அபய் பங், அவருடைய துணைவியார் டாக்டர் ராணி பங் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பியவர்கள். நகரத்தில் மருத்துவமனை கட்டிப் பணம் சேர்க்க அவர்களுக்கு வழி இருந்தது. அதை விட்டு 1986இல் கட்சிரோலிக்குச் சென்று ‘சர்ச்’ என்ற அமைப்பின் மூலம் பணியைத் தொடங்கினார்கள்.

அங்கே குழந்தைகளைக் கொன்றவற்றில் முக்கியமானது நிமோனியா. இருமலும் சளியும் எல்லாக் குழந்தைகளுக்கும் வருபவை. அவற்றில் எது சாதாரணம், எது ஆபத்து என்று மருத்துவர் இல்லாத ஊரில் கண்டுபிடிப்பது எப்படி? மூச்சை எண்ணுவதே வழி. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை ஒரு நிமிடத்தில் 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50; அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. ஆனால், அறுபது வரை எண்ணத் தெரியாத கிராமத்து மருத்துவச்சிகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக ஓர் எளிய கருவி செய்யப்பட்டது. ஒரு நிமிட மணல் கடிகாரம்; பக்கத்தில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். சிவப்பு மணி வந்தால் மருந்து கொடுக்க வேண்டும். எழுத்தறியாத பெண்ணின் கையில் இந்தக் கருவியும் மருந்தும் வந்தபோது நிமோனியாச் சாவு குறைந்தது. 1990இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இந்த ஆய்வை வெளியிட்டது.

அடுத்தது பிறந்த குழந்தையின் பிரச்சினை. 1995–96இல் 39 கிராமங்களில் பிறந்த 763 குழந்தைகளை வீட்டிலேயே கவனித்தார்கள். அவர்களில் 54 சதவீதம் பேருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. அது கிடைத்தவர்களோ மூன்று சதவீதம் கூட இல்லை. நோயை அடையாளம் கண்டு சொல்ல அந்த வீடுகளில் ஆள் இல்லை.

அந்த ஆளை உருவாக்கியதுதான் கட்சிரோலியின் சாதனை. அதே ஊர்ப் பெண்கள், கொஞ்சம் படித்தவர்கள், தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்டார்கள். ‘ஆரோக்கியதூத்’ என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் பிரசவ நேரத்திலும், பிறகு முதல் மாதம் முழுவதும் குறிப்பிட்ட நாட்களிலும் வீட்டுக்குச் சென்றார்கள். குழந்தையை எடை பார்த்தார்கள்; உடம்புச் சூட்டைச் சோதித்தார்கள்; மூச்சை எண்ணினார்கள்; தாய்ப்பால் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவிய அறிகுறி தெரிந்தால், பெற்றோரின் சம்மதத்துடன் மருந்தும் ஊசியும் கொடுத்தார்கள்.

இப்படிக் கவனிக்கப்பட்ட 39 கிராமங்களில் முதல் மாதச் சாவு ஆயிரத்துக்கு 62 ஆக இருந்தது. மூன்றாம் ஆண்டில், அதாவது 1997–98இல், அது 25.5 ஆக இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட 47 கிராமங்களில் 58 ஆக இருந்தது 59.6 ஆயிற்று, குறையவில்லை. 1999இல் இந்த முடிவு வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 2008இல் உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட் பகுதியிலும் வங்கதேசத்தின் சில்ஹெட் மாவட்டத்திலும் நடந்த ஆய்வுகள், வீடு தேடிச் செல்லும் கவனிப்பு உயிர் காக்கும் என்பதை வெவ்வேறு முறைகளில் உறுதிப்படுத்தின. 2009இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இதைப் பரிந்துரைத்தன. 2011இல் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக்கியது.

அந்தத் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டில் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் வர வேண்டும். 2018 முதல் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களிலும் பார்க்கும் ஏற்பாடு சேர்ந்தது. ஏட்டில் இது சிறந்த திட்டம் என்பதில் ஐயமில்லை.

நம்மவர் பிள்ளைகள் இந்த ஏட்டில் எங்கே இருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ குடியிருக்கும் நம்மவர் வீட்டு வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் திருநெல்வேலிப் பக்கமோ சேலம் பக்கமோ ரயில் ஏறுவாள். குழந்தை அங்கே அரசு மருத்துவமனையில் பிறக்கும். கிராம சுகாதார செவிலியர் வந்து பார்ப்பார், அட்டையில் எழுதுவார். பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, கணவருக்கு எப்போது விடுப்பு கிடைக்கிறதோ அப்போது, பிள்ளையுடன் மும்பை திரும்புவாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசிகள் இந்தப் பயணத்தின் நடுவே மாட்டிக்கொள்கின்றன. ஊர்ச் செவிலியரின் பதிவில் ‘வெளியூர் போய்விட்டார்’. மும்பைப் பதிவில் அப்படி ஒரு பிள்ளையே இல்லை. இரண்டு மாநிலக் கணக்கிலும் விடுபட்ட குழந்தையைத் தேடி யார் வருவார்?

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் இங்கேயே. மருத்துவமனையில் பிறப்பதால் பிறக்கும் நேரத்தில் பயமில்லை. ஆனால், ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊரில் என்றால் அம்மா, பாட்டி, அத்தை என்று நாலு பேர் குழந்தையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இங்கே பத்துக்குப் பத்து அறையில் கணவன் ஷிப்டுக்குப் போன பிறகு தாயும் சேயும் மட்டுமே. மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகா வந்தாலும் அவர் மராத்தியில் கேட்பார். இவளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். ‘டீக் ஹை’ என்ற இரண்டு வார்த்தையோடு விசாரணை முடிந்துவிடும். எண்ண வேண்டிய மூச்சு எண்ணப்படுவதில்லை.

கிராமத்தில் பலித்தது நகரத்தில் அப்படியே பலிக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. மும்பையின் 48 குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கிராமங்களில் நல்ல பலன் தந்த பெண்கள் குழு முறையை அங்கே நடத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி பச்சிளங்குழந்தைச் சாவு குறையவில்லை. கூட்டம் போட்டுப் பேசுவது நல்லதுதான். ஆனால், இடம் மாறிக்கொண்டே இருக்கும் நகரத்து ஏழைக் குடும்பத்துக்கு அது மட்டும் போதாது என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். இன்ன வீட்டில் இன்ன பிள்ளை பிறந்திருக்கிறது என்று அறிந்து, அந்த வாசலில் போய் நிற்கும் ஆள் வேண்டும்.

ஆகவே அரசுக்கும் மாநகராட்சிக்கும் நாம் சொல்ல விரும்புவது மூன்று.

முதலாவது, எந்த மாநிலத்தில் பிறந்த குழந்தையானாலும், வந்து சேர்ந்த வாரத்திலேயே இங்குள்ள பட்டியலில் அதன் பெயர் ஏற வேண்டும். ஆதார் எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. ஊர் அட்டையில் உள்ள பதிவே போதுமானதாகக் கொள்ளப்பட வேண்டும்.

இரண்டாவது, தமிழர் செறிந்து வாழும் இடங்களில் தமிழ் தெரிந்த சேவிகாக்களை நியமிக்க வேண்டும். இங்கேயே பிறந்து, மராத்திப் பள்ளியில் படித்து, இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் நம் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கட்சிரோலியில் வெற்றி கண்டது அதே ஊர், அதே பேச்சு உள்ள பெண்தான் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, அந்தப் பெண்களின் ஊதியம். தேசியத் திட்டம் தொடங்கியபோது ஒரு குழந்தையை ஆறு தடவையும் பார்த்து முடிப்பதற்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு நடைக்கு 42 ரூபாய் கூட ஆகவில்லை. உயிர் காக்கும் வேலையைத் தொண்டு என்று பெயரிட்டுக் கூலியைக் குறைப்பது நியாயமாகாது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலைக்கும் ஓட வேண்டிய பெண்ணிடம், ஒரு நிமிடம் உட்கார்ந்து மூச்சை எண்ணு என்று எந்த முகத்தோடு சொல்வது?

நம் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் மும்பைத் தமிழ் அமைப்புகள், தங்கள் பகுதியில் பிறந்த, ஊரிலிருந்து திரும்பிய குழந்தைகளின் பட்டியலை மாதம் ஒரு முறை அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கொடுக்கலாம். மொழி தெரியாத தாயுடன் துணைக்கு ஒருவர் போகலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

தகப்பன்மாரும் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்தவுடன் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் குழந்தைக்கே கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம். எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலில் தோல் பட அணைத்து வைத்தால் சூடு குறையாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், உடம்பு சில்லிட்டாலும் சுட்டாலும், நெஞ்சு உள்ளே இழுத்தாலும், மூச்சு நிமிடத்துக்கு அறுபதை எட்டினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். அது உரிமை, கேட்டுப் பெறலாம்.

2020 கணக்கின்படி சிசு மரணம் ஆயிரத்துக்குத் தமிழ்நாட்டில் 13, மகாராஷ்டிரத்தில் 16. இரண்டும் நாட்டின் சராசரியைவிட மிகவும் நல்ல நிலை. குழந்தை நலத்தில் முன்னணியில் நிற்கும் இவ்விரு மாநிலங்களுக்கும் நடுவில் ரயிலில் போய்வரும் ஒரு குழந்தை, இரண்டின் கவனிப்பையும் இழந்துவிடக் கூடாது. தமிழகச் சுகாதாரத் துறையும் மகாராஷ்டிரச் சுகாதாரத் துறையும் கலந்து பேசி, ஒரு பட்டியலிலிருந்து மற்றொரு பட்டியலுக்குக் குழந்தையின் பெயர் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். கட்சிரோலிக் காட்டுக்குள் நடந்து சென்று செய்ய முடிந்த காரியத்தை, மும்பை மாநகரத்துச் சந்துக்குள் செய்ய முடியாது என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.