பிள்ளையின் அறைக்கு ஓர் அலுமாரி

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் என் தங்கையின் இல்லத்திற் சில நாட்கள் தங்கியிருந்தேன். நான்கு வயது நிரம்பிய தன் மகனுக்கென்று அவள் ஒரு சிறிய அறையை ஒதுக்கியிருந்தாள். சுவருக்கு இளநீல வர்ணம், யன்னலுக்குப் பூப்போட்ட திரை, கட்டில், மூலையில் ஐந்து லாச்சிகள் கொண்ட உயரமான அலுமாரி. அலுமாரியைக் கண்டதும், "அழகாயிருக்கிறது" என்று நானுங் கூறினேன். அவ்வாறு கூறியதற்காகப் பின்னர் நாணினேன் என்பதையும் நேயர்களுக்கு மறைக்காமற் சொல்லவேண்டும்.

மூன்றாம் நாட் காலையில் யாவரும் அடுக்களைப் பக்கம் இருந்தோம். அறையிலிருந்து ஒரு பெருஞ்சத்தம் எழுந்தது. ஓடிச் சென்று பார்த்தபோது, அலுமாரி முன்புறமாகச் சாய்ந்து கட்டிலின் விளிம்பில் தங்கி நின்றது. அதன்மேல் இருந்த மேசை விளக்கு நிலத்திற் கிடந்தது. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையிலிருந்த முக்கோண வெளியில் மருமகன் குந்தியிருந்தான். கட்டில் இன்னும் இரண்டடி அப்பால் இடப்பட்டிருக்குமாயின் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் மனம் அஞ்சுகின்றது. அவனோ, "மாமா, என் மஞ்சட் சட்டை மேலே இருக்கிறது" என்றான். கீழ் லாச்சிகள் மூன்றையும் ஒன்றின்பின் ஒன்றாக இழுத்துப் படிக்கட்டாக்கி ஏறியிருக்கிறான்!

இஃது எங்கள் வீட்டில் மாத்திரம் நிகழ்ந்த புதுமையன்று. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய அலுமாரிகள் சரிந்து குழந்தைகள் மாண்டதன் பின்னர், 2016ஆம் ஆண்டில் ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடி 90 இலட்சம் அலுமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

அலுமாரி சரிவதன் காரணம் மிக எளியது. முன்னாளில் நம் தோட்டக் கிணறுகளிற் துலா மிதித்தோரைக் கண்டவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மிதிப்பவர் துலாவின்மேல் முன்னோக்கி நடக்க நடக்க, அம்முனை தாழும். ஆளின் நிறை மாறுவதில்லை, நிற்கும் இடமே மாறுகின்றது. லாச்சிகள் மூடியிருக்கும்வரை அலுமாரியின் நிறை அதன் கால்களுக்குள் அடங்கியிருக்கும். அவற்றை வெளியே இழுத்தவுடன் நிறை முன்னோக்கி வருகின்றது. அதன்மேல் பதினைந்து, பதினாறு கிலோ நிறையுள்ள பிள்ளையொன்று லாச்சியின் விளிம்பில் ஏறி நின்றால் முன்கால்களைச் சுழலிடமாகக் கொண்டு அலுமாரி கவிழ்கின்றது. அமுக்கிய மரத்தூட் பலகையாற் செய்யப்பட்ட இக்காலத்து அலுமாரிகளிற் பல, முதுகுப்புறம் மெல்லிய தகடுபோன்ற பலகையையே உடையன. ஆதலின் பின்புற நிறையும் குறைவு.

கடைக்குச் செல்லும் பெற்றோர் வர்ணத்தையும் கைப்பிடியையும் பார்ப்பதற்கு முன், எல்லா லாச்சிகளையும் முற்றாக இழுத்துவிட்டு, மேல் லாச்சியின் விளிம்பைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்கவேண்டும். பின்கால்கள் நிலத்தைவிட்டு எழுமாயின் அந்த அலுமாரியின் குணம் அப்பொழுதே தெரிந்துவிடும். கடைக்காரர் முகஞ்சுளிக்கலாம், சுளிக்கட்டும். எத்தகைய அலுமாரியாயினும் வீட்டிற்கு வந்தபின் அதன் மேற்பகுதியைச் சுவருடன் பிணைத்தல் அவசியம். சீமெந்துச் சுவரில் துளையிட்டு, றோல் பிளக் செருகி, இரும்புக் கோணத்தைத் திருகாணியால் இறுக்கினாற் போதும். ஒரு மேசனுக்கு அரைமணி நேர வேலை. மெல்லிய முதுகுப் பலகையில் திருகாணி பிடிக்காது. மேற்சட்டத்தின் தடித்த பகுதியிலேயே பூட்டவேண்டும். பாரமான பொருள்களைக் கீழ்த்தட்டில் வைக்கவேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியை அலுமாரியின்மேல் ஏற்றுவது கூடவே கூடாது.

ஆயினும் சுவருடன் பிணைத்துவிட்டதனால் எல்லாம் முடிந்துவிட்டதென்று நான் கருதவில்லை. மருமகன் ஏன் ஏறினான்? தன் சட்டை தனக்கு எட்டாத இடத்தில் இருந்ததனாலன்றோ? பிள்ளையின் அறை என்று பெயரிட்டுவிட்டு, தாயின் கை எட்டும் உயரத்திலேயே யாவற்றையும் அமைத்திருந்தோம்.

மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமாபுரியில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபின், பிள்ளைகளின் உடலளவுக்கேற்ற சிறு மேசை, சிறு கதிரை, தாழ்ந்த அலுமாரி ஆகியவற்றையே அங்கு இடுவித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இந்தியாவில் தங்கியிருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய பாலர் பாடசாலைகள் இன்று நம் ஒழுங்கைதோறும் உள்ளன. அங்கே தாழ்ந்த தட்டிலிருந்து தானே பொருளை எடுத்துத் தானே திரும்ப வைக்கும் பிள்ளை, வீட்டிற்கு வந்ததும் "அம்மா, எடுத்துத் தா" என்று நிற்கவேண்டியிருக்கிறது.

நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு உடுப்புக் கொழுவும் தடி நிலத்திலிருந்து மூன்றடி முதல் மூன்றேகாலடி உயரத்தில் இருத்தல் நன்று. தடியை மேலே உயர்த்தக்கூடியதாகப் பக்கப் பலகைகளில் இரண்டு மூன்று துளைகள் வைத்துச் செய்வித்தால், அதே அலுமாரி பத்து வயதுவரை உதவும். அன்றாடம் அணிவன கீழே. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உரியன மேலே. அலுமாரியின் கால்கள் ஆறங்குலமாவது இருக்கவேண்டும். நிலத்தைக் கூட்டவும் கழுவவும் இலகு. கறையான் ஏறினாலும் கண்ணிற்படும். மரத்தூட் பலகை ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும் என்பதை மாரிக்கு இரண்டு மாரி கண்டவர்கள் அறிவார்கள். அயலிலுள்ள தச்சரிடம் வேப்பம் பலகையிற் செய்வித்தால் சிறிது அழகு குறையலாம், ஆயுள் கூடும்.

உடுப்புகளிடையே வெள்ளை நப்தலீன் உருண்டைகளை இடும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. குழந்தையின் அலுமாரியில் அது வேண்டாம். மிட்டாயென்று எண்ணி விழுங்கினால் குருதியின் சிவப்பணுக்கள் சிதையும். பிறவியிலேயே ஒருவகை நொதியக் குறைபாடுடைய கைக்குழந்தைகளுக்கு, அவ்வுருண்டையுடன் கிடந்த உடுப்பை அணிவதனாலும் மஞ்சட்காமாலை உண்டாகலாம். வெயிலிற் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்த நம் பாட்டிமார் அறிவிற் குறைந்தவர்களல்லர்.

இனி விளையாட்டுப் பொருள்கள். தங்கை, எங்கள் தந்தையார் காலத்து றங்குப்பெட்டியைத் துடைத்து அதற்கெனக் கொடுத்திருந்தாள். பாரமான மூடி, தானே விழுந்து பூட்டிக்கொள்ளும் கொளுக்கி. பொருளை எடுக்கக் குனியும் பிள்ளையின் கழுத்தில் அம்மூடி விழலாம். ஒளித்து விளையாடப் பிள்ளை உள்ளே புகுந்து மூடிக்கொண்டால் மூச்சுக்கும் வழியில்லை. அதனை அன்றே வெளியே தூக்கி வைத்தோம். மூடியுள்ள பெட்டிதான் வேண்டுமென்போர், தனியே கழற்றி எடுக்கத்தக்க மெல்லிய மூடியும், பக்கங்களிற் காற்றுத் துளைகளும் உடையதாய்ச் செய்விக்கவேண்டும். பழைய தளபாடங்களுக்குப் பூசிய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பிள்ளை இருக்கும் வீட்டில் அதனை உலர்ந்தபடி அரத்தாள் கொண்டு தேய்த்துத் தூளாக்கலாகாது.

என் எண்ணத்தில் இதற்கு மிகப் பொருத்தமானது பனையோலைக் கடகமே. மூடியில்லை, கூர்முனையில்லை, பிள்ளையே இழுத்துச் செல்லலாம், காலில் விழுந்தாலும் நோகாது. மாரியிற் பூஞ்சணம் பிடிக்கும் என்பது ஒன்றே குறை. வெயில் கண்டவுடன் முற்றத்தில் வைத்தால் தீரும். "வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், அண்ணா?" என்று தங்கை தயங்கினாள். வருகிறவர்கள் பிள்ளையின் அறைக்குள் ஏன் போகவேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பொருள்களின் தொகையையும் குறைத்தோம். அமெரிக்காவில் ரொலிடோப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 36 சிறு குழந்தைகளை நான்கு விளையாட்டுப் பொருள்களுடனும் பதினாறு பொருள்களுடனும் வெவ்வேறாக விளையாடவிட்டுப் பார்த்தனர். நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பலவிதமாக விளையாடினராம். ஆகவே மூன்று கடகங்களில் ஒன்று அறையில். மற்றைய இரண்டும் பரணில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது தந்தையின் பொறுப்பு.

சித்திரை வருடப் பிறப்பிற்கு மீண்டும் அங்கு சென்றேன். ஐந்து லாச்சி அலுமாரி பெரியவர்களின் அறையிற் சுவரோடு பிணைக்கப்பட்டிருந்தது. மருமகனின் அறையில் மூன்றடி உயர வேப்பமர அலுமாரி இருந்தது. அவன் என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அதனைத் திறந்து காட்டினான். சட்டைத் தட்டில் மரயானையும் இரண்டு மோட்டார் வண்டிகளும் வரிசையாய் நின்றன. சட்டைகளெல்லாம் கடகத்திற் கிடந்தன. மஞ்சட் சட்டை மாத்திரம் அவன் மேலிருந்தது, பொத்தான்கள் ஒன்று தவறிப் பூட்டப்பட்டபடி.