வலி போனால் எலும்பு தேறிவிட்டதாகுமா?

சீன மருத்துவம் நல்லதா, கெட்டதா என்று கேட்டால் பட்டிமன்றம்தான் மிஞ்சும். எந்த நோய்க்கு, எந்தக் கட்டத்தில், யார் கையில் என்று கேட்டால் பதில் கிடைக்கும். சிங்கப்பூரில் முதியோர் தொகை ஏற ஏற, இரண்டு தொல்லைகளை ஒட்டியே இந்தக் கேள்வி அதிகம் எழுகிறது. ஒன்று, ஓயாத முதுகு வலியும் மூட்டு வலியும். மற்றொன்று, எலும்பின் அடர்த்தி கரைந்துபோகும் எலும்புப்புரை நோய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், ஒரே சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், காட்டுகிறோம், ஒரே மருந்துப் பொட்டலத்தில் தீர்வு தேடுகிறோம். வலிக்குச் சீன மருத்துவத்தை, குறிப்பாக அக்குபங்சர் என்னும் ஊசி சிகிச்சையை, தாராளமாக நாடலாம். அரசாங்கமும் அதற்குக் கைகொடுக்கலாம். கடுமையான எலும்பு இழப்பை அதனிடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது. இதுவே நம் நிலைப்பாடு.

இந்த மண்ணில் சீன மருத்துவம் நேற்று முளைத்ததல்ல. இனம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்க 1867இல் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் இன்றும் நடக்கிறது. 2000ஆம் ஆண்டில் சட்டம் வந்து, சின்சேக்களும் அக்குபங்சர் நிபுணர்களும் பதிவுபெற்றவர்கள் ஆனார்கள். சீன மருத்துவ நிலையங்களில் வரிசையில் காத்திருப்போரில் தமிழர்களும் உண்டு. முழங்கால் வலிக்கு ஊசி குத்திக்கொண்டு வந்து மருமகளிடம் புகழ்ந்து சொல்லும் மாமியார்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க நாம் தயாராக இல்லை. ஆதாரமும் அவர்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சீன மருத்துவ விதிப்படி ஊசி குத்தினார்கள். இன்னொரு பிரிவினருக்கு விதித்த புள்ளிகளை வேண்டுமென்றே தவிர்த்து, வேறு இடங்களில் ஆழமின்றிக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரையும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 47.6 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4 மட்டுமே. புள்ளி பார்த்துக் குத்தினாலும் பார்க்காமல் குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன் என்று இதைக் காட்டிக் கேலி செய்வோர் உண்டு. மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரு பிரிவினருமே நன்றாக இருந்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதும், நாக்கை நீட்டச் சொல்லி உற்றுப் பார்ப்பதும், அரை மணி நேரம் அமைதியாகப் படுக்க வைப்பதும் சேர்ந்துதான் வலியைக் குறைக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். குறைக்கட்டுமே! வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட அது மேல்.

பிறகு 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். போலி ஊசியைவிட முறையான ஊசி சற்றே மேல் என்றும், பலன் ஓராண்டு கழித்தும் பெரும்பாலும் நிற்கிறது என்றும் அதில் தெரிந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2021 ஏப்ரலில் ஒரு படி மேலே போனது. வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்குப் பாரசிட்டமோலோ ஓபியாய்டு மாத்திரைகளோ தொடங்க வேண்டாம், அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்றது. 'வேறு நோயால் விளக்க முடியாத' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். முதலில் நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தப் படியைத்தான் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஈரத்துணி நிறைந்த வாளியைத் தூக்குகிறார். முதுகில் சுரீர் என்கிறது. சுளுக்கு என்று நினைத்து, தைலம் தடவி, மறுநாள் சீன எலும்பு வைத்தியரிடம் போகிறார். அது முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கிய முறிவாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிடித்துவிடுவார்கள், அழுத்துவார்கள், கசாயம் கொடுப்பார்கள். இரண்டு, மூன்று மாதத்தில் வலி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அந்த முறிவின் இயல்பு அப்படி. பெயர் கசாயத்துக்குப் போகும். உள்ளே எலும்பு முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது, ஒரு முறிவு கூடியதோடு சரி. முறியும்வரை எலும்புப்புரைக்கு வலியே கிடையாது. வலியை அளவுகோலாகப் பிடித்தால் இந்த நோய் ஒருநாளும் அகப்படாது.

அடுத்து நடக்கக்கூடியது இடுப்பெலும்பு முறிவு. 1960களோடு ஒப்பிட்டால் 1990களின் இறுதிக்குள் சிங்கப்பூர்ப் பெண்களிடையே அது ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகியிருந்தது. இடுப்பு முறிந்த முதியோரில் உத்தேசமாக ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலர் மறுபடி தனியே ஈரச்சந்தைக்குப் போய் வருவதில்லை.

சீன மருத்துவத்திடம் எலும்புக்கு மருந்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சிறுநீரகமே எலும்பை ஆளுகிறது, மஜ்ஜையைப் பிறப்பிக்கிறது என்பது அதன் பழம்பெரும் கோட்பாடு. ஆகவே 'சிறுநீரகத்தை வலுப்படுத்தும்' மூலிகைகளை எலும்புக்குக் கொடுப்பார்கள். அவற்றில் பேர்போனது யின் யாங் ஹுவோ. அதிலிருந்து எடுத்த சத்துகளை மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான 100 பெண்களிடம் 24 மாதம் முறையாகச் சோதித்தார்கள். போலி மருந்து சாப்பிட்டவர்களைவிட மூலிகைச் சத்து சாப்பிட்டவர்களின் எலும்பு அடர்த்தி குறையாமல் நின்றது என்று 2007இல் முடிவு வந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்தப் பெண்கள் ஆரோக்கியமானவர்கள். எலும்பு ஏற்கெனவே உளுத்துப் போனவருக்கு அது முறிவைத் தடுக்குமா என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, எலும்புப்புரைக்கான சீன மூலிகைகளின் மொத்தக் கணக்கையும் 2014இல் போட்டுப் பார்த்தது. 108 ஆய்வுகள், 10,655 நோயாளிகள், 99 வகை மருந்துகள். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் முறிவு ஏற்பட்டதா என்று பார்த்தவை ஏழே ஆய்வுகள். அவையும் சிறியவை, குறைபாடுள்ளவை. பலன் உறுதியில்லை என்பதே தீர்ப்பு. இதற்கு எதிரே, ஆண்டுக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் மேலை மருந்தான சோலெட்ரோனிக் அமிலத்தை வையுங்கள். 7,700க்கும் அதிகமான பெண்களிடம் மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையில் அது முதுகெலும்பு முறிவை 70 விழுக்காடும் இடுப்பெலும்பு முறிவை 41 விழுக்காடும் குறைத்தது. முறிவை எண்ணிய மருந்தையும் எண்ணாத மருந்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. எலும்புக்கென்று சீனாவில் பரவலாக விற்கும் சியன் லிங் கு பாவ் மருந்து கல்லீரலைத் தாக்கலாம் என்று 2016 டிசம்பரில் எச்சரித்தது சீன அரசின் மருந்துக் கண்காணிப்புத் துறையேதான். அதிலுள்ள பு கு ட்ஸ என்ற விதை நமக்கு அந்நியமல்ல. சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்குக் கொடுக்கும் கார்போகரிசிதான் அது. நம் வைத்தியத்துக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

பதிவுபெற்ற சின்சே கொடுக்கும் கசாயத்தைவிடவும் நம்மை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. இணையத்திலும் தெரிந்தவர் மூலமாகவும் கைமாறும் பெயர் தெரியாத 'மூலிகை' மூட்டுவலி மாத்திரைகள். சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிடும். பசி எடுக்கும், முகம் உப்பும், எடை கூடும். பார்ப்பவர்கள் உடம்பு தேறிவிட்டது என்பார்கள். இத்தகைய மாத்திரைகள் பலவற்றைச் சோதித்தபோது டெக்சாமெதசோன் போன்ற ஸ்டெராய்டுகள் கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. தந்திரம் பழையது. 1975லேயே அமெரிக்க மருத்துவர்கள், சீன மூலிகை என்று விற்ற மூட்டுவலி மருந்தில் அமினோபைரினும் ஃபினைல்பியூட்டசோனும் இருந்ததையும், சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அபாய அளவுக்குச் சரிந்ததையும் எழுதியிருக்கிறார்கள். ஸ்டெராய்டைத் தொடர்ந்து சாப்பிட்டால் எலும்பு கரையும் என்பது மருத்துவம் படிக்கும் முதல் சில ஆண்டுகளிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். எலும்பு வலிக்கென்று காசு கொடுத்து வாங்கியதே எலும்பைத் தின்கிறது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மேலை மருத்துவத்துக்கும் இதில் பங்கு உண்டு. இடுப்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை செய்து, பாரசிட்டமோலும் கால்சியமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, எலும்புக்கான மருந்தைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுவது உலகெங்கும் நடக்கிறது. அந்த மருந்தால் தாடை எலும்பு அழுகிவிடும், தொடையெலும்பு முறியும் என்று கேள்விப்பட்டு நோயாளி பயந்து நிற்பார். அவை அரிதானவை, முறிவைத் தடுக்கும் பலன் பல மடங்கு பெரியது என்று உட்கார வைத்து விளக்க மருத்துவருக்கு நேரம் இருக்காது. நேரம் கொடுக்கும் சின்சேயிடம் நோயாளி போவதில் வியப்பில்லை. ஆனால் எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை அப்படி நடுவில் விட்டுவிட்டுக் கசாயத்துக்கு மாறுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. அந்த ஊசியை மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினால், அதுவரை சேர்ந்த எலும்பு விரைவில் கரைந்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கக்கூடும். ஊசியைப் போடும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டியது மருத்துவர். கேட்டறிய வேண்டியது சின்சே.

ஈராயிரம் ஆண்டு அனுபவத்தைச் சில ஆய்வுகள் மறுத்துவிடுமா என்று கேட்பார்கள். அந்த ஈராயிரம் ஆண்டும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. பழைய ஏடொன்றில் கிடைத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு மலேரியாவுக்கு மருந்து கண்ட தூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஏட்டில் இருக்கிறது என்று அவர் விட்டுவிடவில்லை. பிரித்தெடுத்தார், சோதித்தார், தம் உடம்பிலேயே முதலில் பரீட்சித்தார். யின் யாங் ஹுவோவுக்கும் யாராவது அதைச் செய்யட்டும். ஆதாரம் வந்தால் மனம் மாறும் நாடுதான் சிங்கப்பூர். 1978இல் தடை செய்த, பெர்பெரின் என்ற வேதிப்பொருள் கொண்ட மூலிகைகளை மறுஆய்வுக்குப் பிறகு 2013இல் மீண்டும் அனுமதித்தார்கள்.

இப்போதே செய்யக்கூடியவை உண்டு. ஆசியப் பெண்களுக்கென்று 2001இல் உருவாக்கிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் வயதிலிருந்து கிலோவில் அவர் எடையைக் கழிக்க வேண்டும். 20க்கு மேல் வந்தால் எலும்புப்புரை இருக்கும் வாய்ப்பு அதிகம். 72 வயது, 48 கிலோ என்றால் 24. ரத்தம் எடுக்க வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு சீன மருந்துக்கடையிலும் சின்சேயின் மேசையிலும் இந்தக் கணக்கு ஒட்டப்பட வேண்டும். 20ஐத் தாண்டியவருக்கும், உயரம் குறைந்தவருக்கும், திடீர் முதுகு வலியோடு வருபவருக்கும் பலதுறை மருந்தகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதைக் கடமையாக்க வேண்டும். படம் பிடித்துப் பார்க்கும்வரை அவர்கள் முதுகை அழுத்திப் பிடித்துவிடுவதற்குத் தடை வேண்டும்.

சீன மருத்துவத்துக்கும் அரசாங்க உதவி வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்தில் பலமுறை எழுந்திருக்கிறது. நாள்பட்ட வலிக்கான அக்குபங்சரிலிருந்து தொடங்கலாம். முதியோருக்கு முதலில் கொடுக்கலாம். எலும்பை வளர்க்கும் என்று விற்கும் பொட்டலங்களுக்கு, முறிவைத் தடுத்த கணக்கைக் காட்டும்வரை, ஒரு காசும் வேண்டாம்.