பனி ஏன் ஒரே நாளில் உருகுவதில்லை?

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். 0 டிகிரியை எட்டிய உடனே மொத்தமும் ஏன் தண்ணீராகி விடுவதில்லை? இதை வகுப்பில் யாரும் கேட்பதில்லை. 'உள்ளுறை வெப்பம்' என்று ஒரு வரையறை, ஒரு சூத்திரம், இரண்டு மார்க். முடிந்தது கதை!

கேட்டவர் ஜோசப் பிளாக், 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆசிரியர். உருகுநிலைக்கு வந்த பனிக்கு இன்னும் துளி வெப்பம் கிடைத்தால் போதும், அத்தனையும் உருகிவிடும் என்றுதான் அன்றைக்கு நம்பினார்கள். அப்படியானால் குளிர்காலம் முடிந்ததும் மலைப்பனியெல்லாம் வெள்ளமாக இறங்கி ஊரையே அடித்துக்கொண்டு போக வேண்டுமே என்று யோசித்தார் பிளாக். நியாயமான சந்தேகம்தானே! ஒரு கூடத்தில் இரண்டு குடுவைகளைத் தொங்கவிட்டார். ஒன்றில் சில்லென்ற நீர், மற்றதில் அதே அளவு பனிக்கட்டி. நீர் அரை மணியில் எட்டிய வெப்பநிலையைத் தொட, பனிக்கட்டிக்குப் பத்தரை மணி நேரம் ஆனது.

இடையில் உள்ளே போன வெப்பம் மூலக்கூறுகளின் கட்டை அவிழ்க்கவே செலவானது. ஒரு கிராம் பனியை உருக்க 80 கலோரி. அதே 80 கலோரி, உருகிய நீரை 80 டிகிரிக்கே கொண்டுபோய்விடும். மீன்காரர் வெறும் குளிர்ந்த நீரை நம்பாமல் ஐஸ் போடுவது இதனால்தான். பாடம் இங்கிருந்து தொடங்கட்டும், வரையறை பிறகு வரட்டும்.

உறையும்போது அந்த 80 கலோரியும் வங்கியில் போட்ட முதல் போலத் திரும்பி வரும். ஃப்ளோரிடாவில் கடுங்குளிர் இரவுகளில் ஆரஞ்சு மரங்கள்மேல் விடிய விடியத் தண்ணீர் தெளிப்பார்கள். அது உறையும்போது விடும் வெப்பம்தான் மரத்தைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால் மரம் போச்சு. தேர்வில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஏன் நிறுத்தக் கூடாது?