பியூஸ் கம்பி மெல்லியதாகவே இருக்கட்டும்!

விருத்தாசலத்தில் யாராவது ரூம் ஹீட்டர் வாங்கினால் ஊரே சிரிக்கும்.

சித்திரை வெயிலில் மணிமுத்தாற்று மணல் காலைச் சுடும். மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். அந்த ஊருக்கு ஹீட்டர் எதற்கு?

ஆனால், ஊட்டியில் ஓடுகிற ஹீட்டருக்கும் விருத்தாசலத்துக்கும் ஓர் உறவு உண்டு. அந்த உறவுதான் பியூஸ் கட்டை.

பழைய வீடுகளில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். வெள்ளை வெளேர் என்று ஒரு பீங்கான் கட்டை இருக்கும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் அகல் விளக்குகளும் மட்டும் செய்வதில்லை. இப்படிப்பட்ட மின்சாரச் சாமான்களும் அங்கே சூளையில் வெந்து வெளியே வருகின்றன.

பக்கத்து ஊர் நெய்வேலி. அங்கே 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. 1962-ல் மின்சாரம் வந்தது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. மின்சாரமும், மின்சாரத்தைத் தடுக்கும் பீங்கானுக்கு வேண்டிய மண்ணும் ஒரே வட்டாரத்தில்!

பீங்கான் எரியாது. மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் வீட்டைக் காப்பாற்றுவது பீங்கான் அல்ல. அதில் மாட்டியிருக்கும் மெல்லிய கம்பி.

கணக்கைப் பாருங்கள்

கடையில் விற்கும் ஹீட்டர்களில் 2,000 வாட் ஹீட்டர் சாதாரணம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால், 8.7 ஆம்பியர் வருகிறது. ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் இவ்வளவு மின்சாரம் கம்பியில் பாயும்.

மின்விசிறிக்கும் செல்போனுக்கும் உள்ள சிறிய பிளக், 6 ஆம்பியர் மட்டுமே தாங்கும். அதில் ஹீட்டரைச் செருகினால் என்ன ஆகும்? முதலில் பிளக் சூடாகும். பிறகு கருகும்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து நீட்டினாலும் இதே கதைதான். அதைப் பாய்க்கு அடியில் மறைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது பாய்க்கு அடியில் நெருப்பை வைப்பது போல!

ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். மூன்று முனையும் வேண்டும். மூன்றாவது முனை 'எர்த்'. அது மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது ஏன்? செருகும்போது முதலில் அதுதான் தொட வேண்டும் என்பதற்காக. அதை வெட்டிவிட்டு இரண்டு துளைப் பிளக்கில் செருகுவது உயிரோடு விளையாடுவது.

'அடிக்கடி போகிறதே!'

அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால், பியூஸ் கம்பி உருகி அறுந்துவிடும். விளக்கு அணையும். வீடு பிழைக்கும்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன?

"அடிக்கடி பியூஸ் போகிறதே! நல்ல தடித்த கம்பியாகப் போடப்பா!" என்கிறோம். பக்கத்து வீட்டுத் தம்பியும் போட்டுவிடுகிறான். அதன் பிறகு பியூஸ் போவதே இல்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி!

பியூஸ் உருகாவிட்டால், சுவருக்குள் ஓடும் கம்பி காயும். மின்சாரம் இரு மடங்கானால் கம்பியின் சூடு நான்கு மடங்காகும். மேலே உள்ள பிளாஸ்டிக் உறை இளகும். தீப்பொறி பறக்கும். இரவு 2 மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கும்போது இது நடக்கலாம்.

புது வீடுகளில் பியூசுக்குப் பதிலாகத் தானே விழும் சுவிட்ச் வந்துவிட்டது. எம்.சி.பி. என்பார்கள். அது அடிக்கடி விழுந்தால் பெரிய ஆம்பியர் சுவிட்ச் மாற்றச் சொல்வதும் அதே தவறுதான். கம்பியை மாற்றாமல் சுவிட்சை மட்டும் மாற்றக் கூடாது.

எந்த ஹீட்டர் சிக்கனம்?

கடைக்காரர் பல கதை சொல்வார். ஒரு யூனிட் மின்சாரம் எந்த ஹீட்டரில் போனாலும் ஒரே அளவு வெப்பம்தான் தரும். காற்றாடி உள்ளது அறையைச் சீக்கிரம் சூடாக்கும். எண்ணெய் உள்ளது மெதுவாகச் சூடாகும். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். சிவந்த கம்பி உள்ளது, எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும் இதம்.

'செராமிக் ஹீட்டர்' என்று ஒன்று உண்டு. விருத்தாசலம் மண்ணா என்று கேட்காதீர்கள்! அது வேறு பொருள். சூடு ஏற ஏற, தன் வழியே ஓடும் மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் பத்திரமானது.

2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் தின்னும். தினம் 4 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட்! ஆகவே சிறிய அறையாகப் பார்த்து, கதவைச் சாத்தி, படுக்கும் முன் அரை மணி நேரம் போடுங்கள். பிறகு அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். கொசுவலை, திரைச்சீலை, படுக்கை எல்லாம் மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும். குழந்தையின் ஈரத் துணியை அதன் மேல் காயப்போடும் தாய்மார்கள் உண்டு. பல வீடுகளில் தீ இப்படித்தான் பிடிக்கிறது.

மின்சார ஹீட்டர் காற்றைக் கெடுக்கும் என்று பயந்து, சிலர் அறைக்குள் கரி அடுப்பு வைக்கிறார்கள். இது தலைகீழான பயம். ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை. மூடிய அறையில் தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். கொடைக்கானலுக்குக் குளிர் பார்க்கப் போனவர்கள் இப்படி இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள்.

பிள்ளை பெங்களூரிலோ டெல்லியிலோ படிக்கிறானா? "சாப்பிட்டாயா?" என்று கேட்கும்போது, "ஹீட்டரை எந்த பிளக்கில் மாட்டியிருக்கிறாய்?" என்றும் கேளுங்கள். விருத்தாசலத்தில் இருப்பவர்களும் இன்றே மீட்டர் பெட்டியில் என்ன கம்பி இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஹீட்டர் இல்லாவிட்டால் என்ன? இஸ்திரிப் பெட்டியும், வெந்நீர் போடும் கம்பியும், ஏ.சி.யும் இருக்கின்றனவே!