வைப்பாற்று முகத்துவாரமும் மலையடிவாரமும்

ஆசிரியர் உரை

முகத்துவாரப் பாதுகாப்பு என்றதும் நம் துறையினரின் பார்வை கடற்கரையோடு நின்றுவிடுகிறது. அலையாத்தி நடுவது, ஆக்கிரமிப்பை அகற்றுவது, மணல்திட்டை வெட்டிவிடுவது என்று வேலைப் பட்டியல் அங்கேயே முடிகிறது. வைப்பாற்றுக்கு அது போதாது. சிப்பிகுளம் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆற்றின் கதி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது.

தேவியாறு, நாகரியாறு, கயல்குடியாறு ஆகியவை வைப்பாற்றின் துணையாறுகள். அர்ஜுனா நதி இருக்கன்குடியில் வந்து சேர்கிறது. வழியில் பிளவக்கல், வெம்பக்கோட்டை, கோல்வார்பட்டி, இருக்கன்குடி என்று அணைகள்; அவற்றோடு கண்மாய்த் தொடர்கள். மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். வரத்துக்கால் தூர்ந்து, கலுங்கடியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் கடைசிக் கண்மாயே நிரம்பாது. கடல் வரை எது போகும்?

இத்தகைய பருவகால ஆறுகளில் வடகிழக்குப் பருவ வெள்ளம்தான் முகத்துவார மணல்திட்டை உடைக்கிறது. திறந்த வாய் வழியே மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே ஏறி, உப்புக் குறைந்த நீரில் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. வெள்ளம் வராத ஆண்டில் வாய் அடைபட்டே கிடக்கும். உள்ளே தேங்கிய நீர் வெயிலில் சுண்டி, கடல்நீரைவிட உப்பேறும்.

ஆற்றின் தலைப்பகுதிக்கு 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. கடைப்பகுதிக்கு 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 2022இல் ராம்சர் தகுதியும் கிடைத்தது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, வறண்ட காலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரைதான் உள்ளே வருகிறது. அதற்கு மேலேயிருந்து நன்னீர் எவ்வளவு வர வேண்டும் என்பது அதன் கவலையல்ல. கோடைகால சராசரி நீரோட்டத்தில் 15 முதல் 20 விழுக்காட்டை ஆற்றில் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சொன்னது. கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் வைப்பாற்றில் எதற்கு விழுக்காடு கணக்கிடுவது? இங்கே வேண்டியது வெள்ளக் கணக்கு: எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு வேகம்.

இதே போல வாய் மூடித் திறக்கும் ஆறுகள் நிறைந்த தென்னாப்பிரிக்கா, 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்திலேயே சூழலுக்கான பங்கை ஒதுக்கியது. முகத்துவாரங்களுக்கும் அந்தப் பங்கு தனியே கணக்கிடப்படுகிறது.

ஆற்று நீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்று விவசாயிகள் வருந்துவதில் நியாயம் உண்டு. நாம் கேட்பது அவர்கள் கண்மாய்த் தண்ணீரை அல்ல. கண்மாய்கள் நிரம்பிய பிறகு வரும் உபரியை ஒழுங்காக விடச் சொல்கிறோம். பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்பில் ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் வரும் என்று காத்திருப்பதும் விடையாகாது. அந்த ஆறுகளை நம்பி வேம்பநாட்டுக் காயல் இருக்கிறது. நம் முகத்துவாரத்துக்காக இன்னொன்றை வறளவிட முடியாது.

ஆகவே, வைப்பாற்று வடிநிலம் முழுவதற்கும் ஒரே திட்டம் வேண்டும். முதலாவது, மழை வலுக்கும் நாட்களில் அணைகளின் உபரியைத் தனித்தனியாக விட்டுத் தீர்க்காமல், மணல்திட்டை உடைக்கும் அளவுக்கு ஒருசேர வந்து சேரும்படி கூட்டு அட்டவணை. கரையோர ஊர்களுக்கு முன்னெச்சரிக்கையும் அதிலேயே அடங்க வேண்டும். இரண்டாவது, நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளில் இறங்காதிருக்க, நகராட்சிகளும் அத்திட்டத்தில் பொறுப்பேற்பது. மூன்றாவது, முகத்துவாரம் திறந்த நாள், மூடிய நாள், உப்பளவு ஆகியவற்றை ஆண்டுதோறும் பதிவு செய்வது.

மூன்றாவதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு உப்புமானியும் ஒரு குறிப்பேடும் போதும். அணைப் பொறியாளரும் மீன்வளத் துறை அலுவலரும் வனச்சரகரும் தங்கள் பதிவுகளை வரும் பருவத்திலிருந்தே ஒரே தாளில் எழுதத் தொடங்கலாம். அட்டவணைக்கான பேச்சை அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் தொடங்க முடியும்.