மிஞ்சிய மாத்திரை

சென்ற வாரம் எம் வகுப்பில் தடிமனால் வருந்திய மாணவன் ஒருவனுக்கு, அவனுடைய தோழன் தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து நீட்டினான். "போன மாதம் எனக்கு வைத்தியர் தந்தவை, சேர். சுகம் வந்ததும் நிறுத்திவிட்டேன்; இவை மிச்சம்" என்றான். கொடுத்தவன் நல்லவன், கொடுத்ததும் அன்பினால். எனினும் அவற்றை நாம் வாங்கி வைத்துக்கொண்டோம். காரணத்தைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அதை இங்கே சொல்லுவோம்.

1928ஆம் ஆண்டில் இலண்டனிற் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 டிசம்பரில் தமது நோபல் பரிசு உரையிலே கற்பனைக் குடும்பம் ஒன்றைக் காட்டினார். தொண்டை நோவுற்ற கணவன் தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் சாகவில்லை, மருந்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகின்றன. அவை மனைவியைத் தொற்ற, அவள் நியுமோனியாக் காய்ச்சலில் வீழ்கிறாள். பெனிசிலின் பயன்படவில்லை, இறந்துபோகிறாள். இச்சாவுக்குப் பொறுப்பாளி யாவர் என வினவிய பிளெமிங், கணவனே என்று தாமே விடையும் கூறினார்.

கோடிக்கணக்காய்ப் பெருகுங் கிருமிகளுட் சில, மருந்தைத் தாங்கும் இயல்பைத் தற்செயலாகப் பெற்றுவிடுகின்றன. மருந்து மற்றவற்றைக் கொல்ல, இவை போட்டியின்றிப் பெருகுகின்றன. அன்றியும், அவ்வியல்பை வேறினக் கிருமிகளுக்கும் ஈயவல்லன. கொடைக்குணம் அவற்றுக்கும் உண்டு!

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத் நகரில் 2016 நவம்பரில் தோன்றிய நெருப்புக்காய்ச்சலை நோக்குக. 1948 முதல் அந்நோய்க்குக் கைகண்ட மருந்தாய் விளங்கிய குளோரம்பெனிக்கோல் உட்பட, ஐந்து வகை மருந்துகளுக்கு அக்கிருமி அடங்கவில்லை. வாயால் உட்கொள்ளும் மருந்துகளில் அசித்ரோமைசின் ஒன்றே பெரும்பாலும் கைகொடுத்தது. பிரயாணிகளுடன் அந்நோய் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. 2019இல் பாகிஸ்தான் தன் குழந்தைகளுக்குப் புதிய தடுப்பூசி போடத் தொடங்கியது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் அவ்வோர் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனரென ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இவ்வளவு பெரிய இடருக்கு எம் வீட்டில் நாம் செய்யக்கூடியது யாது? தடிமன் வைரசால் வருவது. கிருமிகொல்லி மாத்திரைகள் அதனை ஒன்றுஞ் செய்யா. வேண்டிய நோய்க்கு வைத்தியர் தந்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை உட்கொள்ளல் வேண்டும். மிஞ்சியதைப் பிறருக்கு ஈதல் ஆகாது. கொதித்தாறிய நீரும் கழுவிய கைகளும் நோயையே தடுப்பதால், மருந்தின் தேவையையும் குறைக்கும்.

மறுநாள் அம்மாணவன் தோழனுக்காக ஒரு போத்தலில் மல்லித் தண்ணீர் கொண்டுவந்தான். தாய் அவித்துக் கொடுத்தாராம். அன்பை அப்படியும் காட்டலாமன்றோ?