5 நாள் படகுப் பயிற்சி: டூரா, பாடமா?

பாய்மரப் படகு, அதிலேயே சாப்பாடு, அதிலேயே தூக்கம். ரீல்ஸில் பார்த்தால் ஜாலி டூர் மாதிரிதான் தெரியும். ஆனால், பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்துள்ள 'காம்பிடென்ட் க்ரூ' பயிற்சி அப்படியல்ல.

என்ன சொல்லித் தருவாங்க?

குறைந்தது 5 நாட்கள். முன் அனுபவம் தேவையில்லை. எழுத்துத் தேர்வும் கிடையாது; வேலை செய்வதைப் பார்த்தே சான்றிதழ். பாய் ஏற்றி இறக்குவது, சுக்கான் பிடிப்பது, முடிச்சு போடுவது, சுற்றிலும் கண்காணிப்பது என எல்லாமே கைப்பழக்கம். நடுவில் சமைக்கணும், பாத்திரமும் கழுவணும். இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள சோலென்ட் நீரிணை இதற்குப் பேர்போன இடம். பெரிய கப்பல்களும் வேகமான நீரோட்டமும் உள்ள பகுதி என்பதால், அங்கே அசட்டையாக இருக்க முடியாது.

நேரா கேப்டன் கோர்ஸுக்கே போகலாமே?

பலரும் கேட்பது இதைத்தான். ஆனால், கடலில் தவறி விழுவது கேப்டனாகவே இருந்தால்? குளிர்ந்த நீர் முதல் சில நிமிடங்களிலேயே மூச்சைத் திணறடித்துவிடும். ஒருவர் கண்ணை எடுக்காமல், விழுந்தவரை நோக்கிக் கை நீட்டியபடியே நிற்கணும்; இன்னொருவர் படகைத் திருப்பணும். இரண்டும் தெரியாத நண்பர்களோடு போனால், கேப்டனின் சான்றிதழ் அவரைக் காப்பாற்றாது.

அதனால், பணம் கட்டும் முன் வியூ எப்படி இருக்கும்னு கேட்காதீங்க. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், சுக்கான் நம் கைக்கு எவ்வளவு நேரம் வரும்னு கேளுங்க.